ஐந்து சதவீதம்

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. லிவர்பூலின் சிவப்பு ஜெர்சியில் சாடியோ மானே. கீழே, யாரோ எப்போதோ எழுதி ஆயிரம் கை மாறி வந்த ஒரு பத்தி. ஏழைக் கிராமத்தில் பிறந்தார், வெளிநாடு போனார், கோடி கோடியாகச் சம்பாதித்தார், ஊரை மறக்காமல் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுத்தார். கடைசி வரி: "நாம் நம் ஊருக்கு என்ன செய்தோம்?"

அடுத்த நிமிடமே அட்மின் அண்ணன் ஒரு பட்டியலைப் போட்டார். ஆரம்பப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்ட நன்கொடை. உள்ளூர்க்காரர்கள் விருப்பம்போல. சென்னை, பெங்களூரு என்றால் 10,000. வெளிநாடு என்றால் குறைந்தது 50,000. ஏழாவது வரியில் என் பெயர். எதிரே காலி இடம்.

எனக்கு எரிச்சல் வந்தது. பணம் பெரிய விஷயமில்லை, கொடுக்க முடியும். எரிச்சலுக்குக் காரணம் அந்தக் கடைசி வரிதான் என்று தோன்றியது. அதில் ஒரு முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்கிறது: வெளியே போனவன் கடன்பட்டவன். சரி, கடன் என்றால் எவ்வளவு? யாருக்கு? எப்போது தீரும்? ஜெர்மனியில் உட்கார்ந்து கோட் எழுதுகிறவன் நான். ஒரு கேள்விக்குள் எண்கள் இருந்தால் அதை விடமுடியாது. இரண்டு வாரம் மானேயோடு அலைந்தேன்.

*

மானே பிறந்தது 1992 ஏப்ரலில், செனகலின் தெற்கே செதியூ பகுதியில் உள்ள பம்பாலி கிராமத்தில். அந்தத் தென்பகுதிக்குப் பெயர் காசமான்ஸ். வரைபடத்தைப் பார்த்தால் அதன் நிலைமை உடனே விளங்கும். செனகலின் வயிற்றில் ஒரு கத்தியைச் செருகியதுபோல காம்பியா என்ற குட்டி நாடு கிடக்கிறது. அதற்கு வடக்கே தலைநகர் டாக்கார். தெற்கே காசமான்ஸ். சொந்த நாட்டின் தலைநகருக்குப் போக இன்னொரு நாட்டைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் கிழக்கே வெகுதூரம் சுற்ற வேண்டும், அல்லது கடல்வழியாகப் போக வேண்டும். காம்பியா ஆற்றின் குறுக்கே நெடுஞ்சாலைப் பாலம் திறந்ததே 2019-ல்தான். 1982 முதல் அங்கே பிரிவினைப் போராட்டம் வேறு.

மானேக்கு 10 வயதாக இருந்தபோது, 2002 மே 31-ல், முதன்முறையாக உலகக்கோப்பைக்கு வந்திருந்த செனகல், நடப்பு சாம்பியன் பிரான்ஸைத் தொடக்க ஆட்டத்திலேயே 1–0 என்று தோற்கடித்தது. கோல் அடித்தது பாபா பூபா டியோப். ஒரு காலத்தில் ஆண்டவர்களை அடிமைப்பட்டவர்கள் வென்றார்கள் என்று நாடே தெருவில் இறங்கி ஆடியது. தானும் ஒருநாள் அங்கே நிற்க வேண்டும் என்று அந்தச் சமயத்தில்தான் நினைத்ததாக மானே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அதே ஆண்டு செப்டம்பர் 26-ல், காசமான்ஸிலிருந்து டாக்கார் போன 'லெ ஜூலா' என்ற கப்பல் காம்பியா கடற்கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. சுமார் 580 பேருக்கான கப்பலில் 1,900 பேருக்கு மேல் இருந்தார்கள். 1,800-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். டைட்டானிக்கில் இறந்தவர்களைவிட அதிகம். உலகக்கோப்பையில் ஜெயித்த நாடும், தன் மக்களை ஒழுங்காகத் தலைநகருக்குக் கொண்டுசேர்க்க முடியாத நாடும் ஒன்றேதான். இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் படித்த பிறகுதான் மானேயின் கதை எனக்குப் புரிய ஆரம்பித்தது.

அவருடைய அப்பா ஊர் மசூதியின் இமாம். மானேக்கு ஏழு வயது இருக்கும்போது அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பம்பாலியில் ஆஸ்பத்திரி கிடையாது. வேறு ஊருக்குக் கொண்டுபோன இடத்தில் இறந்துபோனார். பதினைந்து வயதையொட்டி மானே வீட்டில் சொல்லாமல் டாக்காருக்கு ஓடினார். தேடிக் கண்டுபிடித்துத் திரும்பக் கூட்டிவந்தார்கள். ஒரு பேரம் நடந்தது: இன்னும் ஒரு வருடம் பள்ளிக்கூடம் போ, அப்புறம் நாங்களே அனுப்புகிறோம். அனுப்பினார்கள். டாக்கார் பக்கத்தில் 'ஜெனெராசியோன் ஃபூட்' என்ற பயிற்சிக்கூடம். அதற்குப் பிரான்ஸின் மெட்ஸ் கிளப்போடு உடன்பாடு இருந்தது. 2011-ல் மெட்ஸ், 2012-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், 2014-ல் சவுத்தாம்ப்டன், 2016-ல் லிவர்பூல், 2022-ல் பாயர்ன் மியூனிக், 2023-ல் சவூதியின் அல் நஸ்ர். சவுத்தாம்ப்டனில் இருந்தபோது ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2 நிமிடம் 56 விநாடியில் மூன்று கோல் அடித்தார். பிரீமியர் லீக் வரலாற்றில் அதைவிட வேகமான ஹாட்ரிக் கிடையாது. லிவர்பூலோடு 2019-ல் சாம்பியன்ஸ் லீக், அடுத்த ஆண்டு பிரீமியர் லீக்.

2021-ல் பம்பாலியில் ஆஸ்பத்திரி வந்தது. பணம் மானேயுடையது. அப்பா இறந்ததற்கும் இதற்கும் உள்ள தொடர்பை அவரே சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் உண்மை. வாட்ஸ்அப் பத்தியில் பொய் எதுவும் இல்லை. அப்படியிருக்க அந்தக் கடைசி வரி மட்டும் எங்கே தப்பாகிறது?

*

கால்பந்து உலகம் இந்தக் கடன் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. சதவீதக் கணக்கில். அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் அசட்டுத்தனமானது.

ஃபிஃபா 2001-ல் கொண்டுவந்த விதி அது. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை ஒரு நாட்டுக் கிளப்பிடமிருந்து இன்னொரு நாட்டுக் கிளப் விலைகொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தைப் பிடித்து, அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வளர்த்த காலம் என்பது 12 வயது முதல் 23 வயது வரை. 12 முதல் 15 வரையான நான்கு வருடங்களுக்கு வருடத்துக்கு 0.25 சதவீதம். 16 முதல் 23 வரையான எட்டு வருடங்களுக்கு வருடத்துக்கு 0.5 சதவீதம். கூட்டிப் பாருங்கள்: ஒன்றும் நான்கும் ஐந்து. ஒருவர் ஒரு கோடி யூரோவுக்கு விற்கப்பட்டால், அவரை 17 வயதில் ஒரு வருடம் வைத்திருந்த சின்ன ஊர்க் கிளப்புக்கு 50,000 யூரோ போகும். ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம், பந்து, வலை எல்லாம் வாங்கலாம். இதற்குப் பெயர் 'சாலிடாரிட்டி' பங்கு. கணக்கு வைத்துக்கொள்ள ஒவ்வொரு வீரருக்கும் 'பிளேயர் பாஸ்போர்ட்' என்று ஒரு பதிவேடு. எந்த வயதில் எந்தக் கிளப்பில் பதிவாகியிருந்தார் என்பது அதில் இருக்கும்.

எனக்கு இது அழகாகப் பட்டது. உலகத்தில் வேறு எந்தத் தொழிலிலும் இப்படி இல்லை. ஒரு டாக்டர் லண்டனுக்குப் போனால், அவருக்கு ஒன்பதாம் வகுப்பில் உயிரியல் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கு லண்டன் ஆஸ்பத்திரி கால் சதவீதம் அனுப்புவதில்லை. லாபத்தைத் தவிர வேறு எதையும் பேசாத வியாபாரம் என்று நாம் திட்டும் கால்பந்துச் சந்தைதான், ஒரு மனிதனின் திறமை அவனை விற்கிறவனுக்கு மட்டும் சொந்தமில்லை என்று சட்டமாக எழுதிவைத்திருக்கிறது.

ஆனால் ஓட்டைகளையும் பார்க்க வேண்டும். 2020 வரை இந்த விதி நாடு தாண்டிய விற்பனைக்கு மட்டும்தான். 2016-ல் மானே சவுத்தாம்ப்டனிலிருந்து லிவர்பூல் போனது ஒரே நாட்டுக்குள். அன்றைய விதிப்படி அந்த விற்பனையில் டாக்காருக்கு எதுவும் சேர வேண்டியதில்லை. இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. பாஸ்போர்ட்டில் பதிவு பெற்ற கிளப் மட்டும்தான் ஏறும். பம்பாலியின் மண் மைதானம் ஏறாது. ஓடிப்போன பையனைத் திட்டாமல் கூட்டிவந்து பேரம் பேசிய வீடு ஏறாது. கணக்கு 12 வயதில்தான் தொடங்குகிறது. அப்பா இறந்தபோது அவனுக்கு ஏழு. அந்த வருடத்தில் அவனுக்குச் சோறு போட்டவர்களுக்கு எத்தனை சதவீதம்?

*

"பூஜ்யம்" என்று தெளிவாகச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். அவரும் ஒரு விளையாட்டு வீரரை வைத்துத்தான் சொன்னார்.

அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974-ல் எழுதிய புத்தகத்தில் வரும் உதாரணம் இது. வில்ட் சேம்பர்லெயின் என்ற கூடைப்பந்து நட்சத்திரம். சமூகத்தில் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் 25 சென்ட்டைத் தனியாக ஒரு பெட்டியில் போடுகிறார்கள். பத்து லட்சம் பேர் போட்டால் 2,50,000 டாலர். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சந்தோஷமாகப் போட்டார்கள். அப்படியானால் அந்தப் பணத்தில் வேறு யாருக்கு என்ன பாத்தியதை?

நேர்மையாகச் சொன்னால் வாட்ஸ்அப் பட்டியலைப் பார்த்த அன்று நான் நோசிக் கட்சிதான். என் சம்பளத்தை யாரும் யாரிடமிருந்தும் பறித்துக்கொடுக்கவில்லை.

ஆனால் நோசிக்கின் கதை மைதானத்தின் வாசலில் தொடங்குகிறது. சேம்பர்லெயின் ஏற்கெனவே ஏழடி உயரத்தில், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவராக வந்து நிற்கிறார். அந்தப் பெட்டிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கதை கேட்பதில்லை. ஃபிஃபாவின் அந்த 5 சதவீதம் கேட்கிறது. மனிதன் தயாராகி வருவதற்குப் பன்னிரண்டு வருடம் ஆகும், அந்த வருடங்களுக்கு ஆட்கள் உண்டு, பெயர்கள் உண்டு என்கிறது. சந்தையே ஒப்புக்கொண்ட ஒன்றை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. பூஜ்யம் என்பது தப்பான பதில்.

அப்போது கடன்தானா?

*

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நான் பொறியியல் சேர்ந்த வருடம் அக்கா பிளஸ் டூ முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என்னைவிட நன்றாகப் படிப்பாள். அவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. "ரெண்டு பேரையும் படிக்க வைக்க முடியாது" என்பதுதான் வீட்டில் சொல்லப்பட்ட காரணம். அதை எல்லோரும் ஏதோ மழை பெய்யவில்லை என்பதுபோல ஏற்றுக்கொண்டோம். அவள் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினாள். என் இரண்டு செமஸ்டர் ஃபீஸ் அந்தச் சம்பளத்தில் போனது. என் பாஸ்போர்ட்டில் அவள் ஏற மாட்டாள்.

இந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் போனில் அவளிடம் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, "உனக்கு நான் கடன்பட்டிருக்கேன்க்கா" என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"கடன்னு சொல்லாதடா. கடன்னா ஒருநாள் அடைச்சிட்டுப் போயிடுவ."

நான் படித்த எந்தத் தத்துவவாதியும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. கடனின் இயல்பே தீர்வதுதான். தீர்ந்த மறுநாள் இரண்டு பேரும் அந்நியர்கள். வங்கிக் கடன் முடிந்ததும் நாம் மேனேஜருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவதில்லை. வீட்டுக்கும் ஊருக்கும் பட்டதைக் கடன் என்று வைத்தால், உள்ளுக்குள் நாம் தேடுவது அதன் கடைசித் தவணையைத்தான். ஆஸ்பத்திரி கட்டியாச்சு, பள்ளி கட்டியாச்சு, இனி என்னை விடுங்கள்.

கடன் என்ற சொல்லில் இன்னொரு கொடுமையும் உண்டு. அது ஜெயித்தவனை விடத் தோற்றவனைத்தான் அதிகம் நசுக்கும்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976-ல் 'அறம்சார் அதிர்ஷ்டம்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓவியர் கோகனை ஒட்டிய ஒரு கற்பனைப் பாத்திரத்தை அதில் வைக்கிறார். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியம் வரைய தாஹிட்டித் தீவுக்குப் போகிறான். செய்தது சரியா? போகும் அந்த நாளில் பதில் கிடையாது என்கிறார் வில்லியம்ஸ். பெரிய ஓவியன் ஆனால் ஒரு நியாயம் சொல்லலாம். ஆகவில்லையென்றால் சொல்ல எதுவுமில்லை. நாம் தீர்ப்புச் சொல்வது செயலைப் பார்த்து என்று நினைக்கிறோம். உண்மையில் பின்னால் வந்த அதிர்ஷ்டத்தைப் பார்த்துச் சொல்கிறோம்.

மானே பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடியதை இன்று எல்லோரும் 'விடாமுயற்சி' என்கிறார்கள். அதே வருடங்களில் அதே நாட்டிலிருந்து எத்தனையோ பையன்கள் ஓடினார்கள். செனகலின் வோலோஃப் மொழியில் ஒரு வாசகம் அப்போது பரவியது: 'பார்சா வாலா பார்சாக்'. பார்சிலோனா, இல்லையென்றால் மறுமை. இரண்டாவது சொல் அரபியிலிருந்து வந்தது. மரணத்துக்கும் மறுமை நாளுக்கும் இடைப்பட்ட நிலையைத் தமிழ் முஸ்லிம்கள் பர்ஸக் என்பார்களே, அதே சொல். முதல் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மீன்பிடிப் படகுகளில் அட்லாண்டிக் கடலில் ஏறி ஸ்பெயினின் கேனரி தீவுகளை நோக்கிப் போனவர்களின் வாசகம் அது. 2006-ல் மட்டும் 31,000 பேருக்கு மேல் அந்தத் தீவுகளுக்குப் போய்ச்சேர்ந்தார்கள். போய்ச்சேராதவர்களை யாரும் முழுதாக எண்ணவில்லை.

கடல் ஏறாமல் விமானத்திலேயே போய் மாட்டியவர்களும் உண்டு. போலி ஏஜென்டுகள் ஆப்பிரிக்கப் பையன்களின் குடும்பத்திடம் பணம் வாங்கிக்கொண்டு, ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில் இறக்கிவிட்டு மறைந்துபோவார்கள். முன்னாள் கேமரூன் வீரர் ழான் குளோட் ம்பூமின் இப்படிக் கைவிடப்பட்டவர்களுக்காகவே 2000-ல் பாரிஸில் 'ஃபூட் சாலிடேர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நாடு விட்டு நாடு வாங்கக்கூடாது என்று ஃபிஃபா விதி செய்ததும் இதையொட்டிய காலத்தில்தான். அதற்கும் விலக்குகள் உண்டு.

அந்தப் பையன்களில் பலர் ஊர் திரும்ப மாட்டார்கள். அடி, பசி, குளிர் எல்லாவற்றையும்விட அவர்களைத் தடுப்பது வெட்கம். அம்மா நகையை விற்று அனுப்பினாள், வெறுங்கையோடு எப்படிப் போவது? இதை எழுதும்போது எனக்கு ஆப்பிரிக்கா மட்டும் ஞாபகம் வரவில்லை. என்னோடு படித்த ஒருவன் வெளிநாட்டில் வேலை போன பிறகு ஒன்றரை வருடம் வீட்டுக்குப் போன் செய்யவில்லை. "என்னத்தச் சொல்றது?" என்றான். கடன் என்ற சொல் அவனிடம் செய்த வேலை அது. மானேயைக் காட்டி "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கும் வாசகம் அவனுக்கும்தான் போய்ச்சேர்கிறது.

*

கடன் இல்லையென்றால் கொடை என்று சொல்லலாம். மானே கடமைப்படவில்லை, மனசு வந்து கொடுத்தார், அதனால்தான் பெரிய மனிதர். கேட்க நன்றாக இருக்கிறது. இந்த வழியிலும் ஒரு குழி உண்டு.

லிவர்பூலில் மானேயோடு ஆடியவர் டிரென்ட் அலெக்ஸாண்டர் ஆர்னால்ட். லிவர்பூலின் வெஸ்ட் டெர்பியில் வளர்ந்தவர். உன் ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்தாயா என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. வெஸ்ட் டெர்பியில் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனை 1914-லிருந்தே இருக்கிறது. அவர் ஊரை நேசிக்கிறாரா, பணத்தை என்ன செய்கிறார் என்பதெல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத விஷயம். வரி கட்டினால் போதும்.

மானேயும் இங்கிலாந்தில் எட்டு வருடம் ஆடினார். அங்கே உச்ச வருமான வரி 45 சதவீதம். அந்த வரியில் ஆங்கிலேயக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி நடந்தது. வரி போக மிஞ்சியதில் பம்பாலிக்கு ஆஸ்பத்திரி. ஒரே அணி, ஒரே வேலை. ஒருவர் ஒருமுறை கட்டினார், இன்னொருவர் இரண்டு முறை. இதில் இரண்டாவது முறைக்கு நாம் கைதட்டுகிறோம். ஏன் இரண்டு முறை கட்டவேண்டி வந்தது என்று கேட்பதில்லை. நம் கைதட்டல் சத்தத்தில் சௌகரியமாக ஒளிந்துகொள்வது பம்பாலிக்கு அத்தனை வருடம் ஆஸ்பத்திரி கட்டாத அரசாங்கம். ஒளிந்துகொள்ளும் இன்னொன்று, ஆப்பிரிக்காவில் விளைந்த திறமையை ஐரோப்பாவில் அறுவடை செய்து ஐரோப்பாவிலேயே வரி வாங்கும் ஏற்பாடு.

கொடையை நம்பி ஒரு நாடு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு லைபீரியாவைப் பார்க்கலாம். ஜார்ஜ் வேயா 1995-ல் பாலோன் டோர் வாங்கினார். இன்றுவரை அதை வாங்கிய ஒரே ஆப்பிரிக்க வீரர் அவர்தான். உள்நாட்டுப் போரில் நாடு சிதைந்து கிடந்தபோது தேசிய அணியின் ஜெர்சி, விமான டிக்கெட் என்று பல செலவுகளைத் தன் கையிலிருந்து செய்தார். பிறகு அரசியலுக்கு வந்து 2018-ல் ஜனாதிபதியானார். 2023 தேர்தலில் தோற்றதும் அமைதியாக விலகினார். அவர் நல்ல ஜனாதிபதியா என்பது வேறு விவாதம். எனக்கு உறுத்துவது இது: அணிக்குச் செலவு செய்கிற ஆளே அணியின் நட்சத்திரமும் என்றால், அவர் சரியாக ஆடவில்லை என்று யார் சொல்வது? கொடுக்கிறவனைக் கேள்வி கேட்க முடியாது. வாங்குகிறவன் நன்றி சொல்லலாம், அவ்வளவுதான். வரிப்பணத்தில் கட்டிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வரவில்லையென்றால் சாலை மறியல் செய்யலாம். ஒரு மகராசன் கட்டிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வரவில்லையென்றால்?

கட்டடம் ஒருமுறைச் செலவு. நர்ஸுக்குச் சம்பளம் மாதாமாதம். எந்தக் கால்பந்து வீரரின் காலும் அத்தனை மாதம் ஓடாது.

*

கடனும் சரிப்படவில்லை, கொடையும் சரிப்படவில்லை. இரண்டிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. பணம் முதலில் முழுக்க அவனுடையது என்று வைத்துக்கொண்டுதான் இரண்டும் தொடங்குகின்றன. அவன் அதிலிருந்து திருப்பிக் கொடுக்கிறான், அல்லது தானமாகக் கொடுக்கிறான்.

முழுக்க அவனுடையதாக அது என்றுமே இருந்ததில்லை என்று வைத்துப் பாருங்கள். அந்த 5 சதவீதத்துக்கு ஃபிஃபா வைத்த பெயர் கடன் அல்ல, பங்கு. சின்னக் கிளப் கையேந்தி நிற்பதில்லை. கிளப் தலைவர் யாருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டாம். பணம் வரவில்லையென்றால் வழக்குப் போடலாம். அதே சமயம், அடுத்த முறை அந்த வீரர் விற்கப்பட்டால் மறுபடியும் பங்கு உண்டு. தீர்ந்துபோவதில்லை.

நம்மிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. திருக்குறளில் 'ஈகை' என்ற அதிகாரத்துக்குச் சரியாக முந்தைய அதிகாரம் 'ஒப்புரவறிதல்'. பள்ளியில் இரண்டையும் தானம் செய், தர்மம் செய் என்று ஒன்றாகவே மனப்பாடம் செய்தோம். இரண்டும் ஒன்றென்றால் எதற்கு இரண்டு அதிகாரம்? நான் புரிந்துகொண்டது இப்படி: ஈகை, இல்லாதவனைப் பார்த்துச் செய்வது. ஒப்புரவு, தான் எல்லோரோடும் சேர்ந்த ஒருவன் என்று தெரிந்து நடந்துகொள்வது. அதில் மேல்கை கீழ்கை கிடையாது. தலைப்பிலேயே 'அறிதல்' இருப்பதையும் இப்போதுதான் கவனித்தேன். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் எதனால் ஆனேன் என்பதை.

பங்கு என்று எடுத்துக்கொண்டால் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. ஒன்று, தோற்றுத் திரும்புகிறவன் வீட்டுக்குள் தலைநிமிர்ந்து வரலாம். லாபத்தில் மட்டுமா பங்கு? நஷ்டத்திலும் உண்டு. படகு ஏறிய பையனுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு, பங்கு வாங்குகிறவர்களுக்குப் பேசும் உரிமை வருகிறது. சுவர் எதற்கு, கழிப்பறைக்கல்லவா தண்ணீர் இல்லை என்று கேட்கலாம். இதை ஏன் பஞ்சாயத்தும் அரசாங்கமும் செய்யவில்லை என்றும் கேட்கலாம். பங்கைக் கொடுப்பதும் அந்தக் கேள்வியைக் கேட்பதும் ஒரே கடமையின் இரண்டு பாதி. ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றை விட்டால் அது பழையபடி கொடையாகிவிடும்.

இதில் ஒரு பலவீனம் இருப்பதும் தெரியும். பங்கு எத்தனை சதவீதம் என்று நான் சொல்லவில்லை. ஃபிஃபாபோல எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எண் இல்லாத கடமையை நம்மைப்போன்றவர்கள் தள்ளிப்போட்டே காலத்தை ஓட்டிவிடுவோம். அதனால் எண்ணை நானே தீர்மானிக்கக்கூடாது, பங்குதாரர்களைக் கேட்க வேண்டும் என்பதுவரைதான் வந்திருக்கிறேன்.

*

2022 பிப்ரவரி 6. ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டம், கேமரூனின் யவுண்டே நகரம். எதிரணி எகிப்து. அதுவரை செனகல் அந்தக் கோப்பையை வென்றதே இல்லை. ஏழாவது நிமிடத்தில் பெனால்டி. மானே அடிக்கிறார். கோல்கீப்பர் தடுத்துவிடுகிறார். ஐந்து வருடம் முன்பு இதே கோப்பையின் காலிறுதியில் அவர் அடித்த பெனால்டி தடுக்கப்பட்டுத்தான் செனகல் வெளியேறியது. 120 நிமிடம் கோல் இல்லாமல் முடிகிறது. டைபிரேக்கரில் கடைசி உதை மறுபடி மானேயிடம் வருகிறது. பக்கவாட்டில் நிற்கும் பயிற்சியாளர் அலியு சிஸ்ஸே 2002-ல் இதே கோப்பை இறுதியாட்டத்தில் கேப்டனாக இருந்து பெனால்டியைத் தவறவிட்டவர்.

மானே அடித்தார். உள்ளே போனது. அந்த வீடியோவைப் பத்து முறையாவது பார்த்திருப்பேன். இப்போது பார்க்கும்போது வேறொன்று தோன்றுகிறது. அது வெளியே போயிருந்தால், அந்த வாட்ஸ்அப் பத்தி எங்கள் ஊர்வரை வந்திருக்குமா? பம்பாலி ஆஸ்பத்திரி அப்போதும் அங்கேதான் இருந்திருக்கும். காய்ச்சலோடு வருகிற குழந்தைக்கு ஆட்ட முடிவு தேவையில்லை. மானேக்கு ஏழு வயதில் கிடைக்காமல் போனது அப்படி ஒன்றுதான். யார் ஜெயித்தாலும் தோற்றாலும் அங்கே இருந்திருக்க வேண்டிய ஒன்று.

பட்டியலில் என் பெயருக்கு எதிரே தொகையை எழுதினேன். கூடவே ஒரு கேள்வியும் போட்டேன்: அரசுப் பள்ளிக்குச் சுவர் கட்டப் பஞ்சாயத்தில் மனு கொடுத்தோமா, என்ன பதில் வந்தது? குழு இரண்டு மணிநேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் அட்மின் அண்ணன் எழுதினார்: "தம்பி, வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு கேள்வி கேக்குறது ஈசி." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு மனு எழுதித் தருகிறேன், கையெழுத்து நீங்கள் வாங்குங்கள் என்றேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

அக்காவிடம்தான் நேராகக் கேட்டேன். "உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "பணம் வேணாம். நீ வந்து ஒரு மாசம் அம்மாவப் பாத்துக்க. ராத்திரி ரெண்டு வாட்டி எந்திரிக்கணும், மாத்திரை குடுக்கணும். எனக்கு எங்கயாவது போகணும்டா. எங்கன்னு தெரியல. போகணும்."

எட்டு வருடமாக அம்மாவுக்கு மருந்துச் செலவு முழுக்க என்னுடையது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரிகள் யாருடையவை என்று யோசித்ததே இல்லை.

லீவுக்கு எழுதிக்கேட்டேன். மூன்று வாரம்தான் கிடைத்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சரி வா. மிச்சம் ஒரு வாரம் கடன்" என்று சிரித்தாள்.